மேலே புல் முளைத்துவிட்டால் குப்பைமேடு சுத்தமாகிவிட்டதா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த நகராட்சிக் குப்பைக் கிடங்கை மூடி 12 வருடம் ஆகிறது. மேலே மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள். ஆனாலும் வருடத்துக்கு 2 முறை சிலர் வந்து வேலியோரக் குழாய்களிலிருந்து தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றால் இது எதற்கு? நாங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம், அது போதும்தானே?

பதில்: போதாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆர்சனிக், ஈயம், நைட்ரேட் எல்லாம் அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, குழாய்களுக்கு வருவோம். பழைய கிடங்குகள் பலவற்றில் அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு எதுவும் கிடையாது, இருந்த பள்ளத்தில் கொட்டிக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான். மழைநீர் குப்பைக்குள் இறங்கி, அம்மோனியாவையும் உப்புகளையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுப்புக் கசிவுநீராக நிலத்தடி நீரில் போய்ச் சேரும். மேலே போட்ட மூடி புதிதாக மழை இறங்குவதைத்தான் குறைக்கிறது, ஏற்கெனவே இறங்கியதை அது திருப்பி எடுக்காது. நிலத்தடி நீர் பல இடங்களில் வருடத்துக்குச் சில மீட்டர்தான் நகரும் என்பதால், இன்று குப்பைக்கு அடியில் இருப்பது உங்கள் கிணற்றுக்கு வர எத்தனையோ வருடம் ஆகலாம். அமெரிக்கச் சட்டம் மூடிய நகராட்சிக் கிடங்குகளைப் பொதுவாக 30 வருடம் பராமரித்துக் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான்.

அந்தக் குழாய்கள் கண்காணிப்புக் கிணறுகள். நிலத்தடி நீர் கிடங்குக்குள் வரும் பக்கம் ஒன்றாவது இருக்கும், வெளியேறும் பக்கம் பல இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது கிடங்கிலிருந்து வந்தது என்று தெரியும். அவர்கள் எடுப்பதை ஒருநாள் கிட்டே நின்று பாருங்கள். குழாயில் தேங்கிக் கிடந்த நீரை முதலில் இறைத்துக் கொட்டுவார்கள், கருவியில் வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் ஒரே அளவில் நிற்கும்வரை காத்திருப்பார்கள், அதற்கப்புறம்தான் பாட்டில். எளிதில் ஆவியாகும் ரசாயனங்களுக்கான சின்னக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் தேடுகிற பொருளே அந்தக் குமிழிக்குள் போய்விடும். இதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவுடன் மொண்டுகொண்டு போனால், அந்த அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், ஒரு தடவை எடுத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பல வருட அளவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், அம்மோனியாவும் குளோரைடும் ஏறிக்கொண்டே வந்தால் ஏதோ கசிகிறது. இன்னொன்று, உலோகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் குறைந்துவிட்டது என்று சொன்னால் அதோடு நிம்மதி அடைய வேண்டாம், மண்ணுக்கடியில் அது சிதையும்போது வினைல் குளோரைடு என்ற, அதைவிடக் கெட்ட புற்றுநோய்க் காரணி உண்டாகும். அதன் அளவையும் கேளுங்கள்.

கேள்வி: கிடங்கை ஒட்டி மனை வாங்கலாமா? நாற்றம் துளியும் இல்லை.

பதில்: நாற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது, காற்றில் 5 முதல் 15 சதவீதம் சேர்ந்து ஒரு தீப்பொறி கிடைத்தால் வெடிக்கும். 1986 மார்ச்சில் இங்கிலாந்தின் லோஸ்கோ என்ற ஊரில், மூடப்பட்ட கிடங்கிலிருந்து சுமார் 70 மீட்டர் தள்ளியிருந்த வீடு இப்படித்தான் தரைமட்டமானது, உள்ளே இருந்த 3 பேருக்கும் பலத்த காயம். காற்றழுத்தம் திடீரென்று சரிந்தபோது பூமிக்குள் இருந்த வாயு பாறை இடுக்குகள் வழியாக வந்து வீட்டுக்கு அடியில் சேர்ந்துவிட்டது. அதனால் எல்லையோர வாயு அளவீடுகளைக் காட்டச் சொல்லுங்கள், காற்றழுத்தம் இறங்கும் நாட்களில் எடுத்ததையும் சேர்த்து. மேட்டின் மேல் புல் திட்டுத்திட்டாகக் கருகியிருந்தால், அங்கே வாயு மேலே வருகிறதோ என்று சந்தேகப்படுங்கள். அளவீடு கையில் இல்லாமல் நீங்கள் அங்கே வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: மொத்தத்தையும் தோண்டி எடுத்துவிட்டால் பிரச்சினை தீராதா?

பதில்: சில இடங்களில் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள், நிலமும் மீள்கிறது. ஆனால் திறந்தவுடன் நாற்றம், தீ, கசிவுநீர் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், சலித்தெடுத்த மண்ணிலும் ஈயம், காட்மியம் இருக்கலாம், சோதிக்காமல் வயலுக்குப் போடவே கூடாது. குப்பை போன பிறகும் கீழே கெட்டுப்போன நிலத்தடி நீர் அங்கேயேதான் இருக்கும், அதனால் அந்த வேலியோரக் குழாய்களைப் பிடுங்க விடாதீர்கள்.