ஒரே துப்பாக்கி இரண்டு வேலைக்கும் வருமா?

கேள்வி: ஐயா, வீட்டுப் பாதுகாப்புக்கும், பொழுதுபோக்காக, காற்றில் வீசும் களிமண் தட்டைச் சுட்டு உடைப்பதற்கும் ஒரே ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) போதுமா? நான் இடது கைப் பழக்கக்காரி, உருவத்தில் சிறியவள். எல்லோரும் 12 கேஜ் என்கிறார்கள்.

பதில்: போதும் அம்மா. ஆனால் கேஜுக்கு, அதாவது குழல் துளையின் அளவுக்கு, முன்னால் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் வைத்துப் பாருங்கள். நான் முதலில் சுட்டது எனக்குப் பொருந்தாத நீளக் கட்டை கொண்ட 12 கேஜ். தோள் கன்றிப்போனது. அதன்பின் விசையைத் தொட்டாலே கண் தானாக மூடிக்கொள்ளும். தட்டு எங்கே உடையும்? அந்தப் பயம் விலக மாதக்கணக்கானது.

உங்களுக்கு 20 கேஜ் என்பேன். எண் கூடினால் குழல் துளை சிறுக்கும்: 12 என்றால் சுமார் 18.5 மி.மீ., 20 என்றால் 15.6. ஆனால் மிக இலேசான துப்பாக்கியில் 20 கேஜும் உதைக்கும். கொஞ்சம் எடை இருக்கட்டும்.

முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகையே நல்லது. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 இரண்டிலும் குழலைக் கழற்றி மாற்றலாம். வீட்டுக்கு 18 அங்குல நீளக் குழலை ஒட்டி, தட்டுக்கு 26 அல்லது 28. மாஸ்பெர்க்கில் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) மேற்புறம் இருப்பதால் இடது கைக்கும் எளிது.

வாங்கும் முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பக்‌ஷாட் என்னும் பெரிய குண்டுத் தோட்டா மெல்லிய உட்சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே யார் தூங்குகிறார்கள்? துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டில். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.