‘கெட்’ (get) என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தப் பட்டியல் கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீ கேட்டிருந்தது இதுதான். ஐஈஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் 7 வாங்கி, நர்ஸ்களுக்கான கம்ப்யூட்டர் தேர்வையும் முடித்து, மதுரையிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் லெஸ்டருக்கு வந்து வார்டில் நிற்கிறாய்; படித்த இங்கிலீஷ் ஒன்றும் கை கொடுக்கவில்லை; நோயாளி, டாக்டர், துப்புரவு செய்யும் அம்மா வரை எல்லாரும் எதற்கெடுத்தாலும் ‘கெட்’ என்கிறார்கள்; அதற்கு எத்தனை அர்த்தம் என்று ஒரு பட்டியல் வேண்டும். இதே ஊரில் பல வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், புதிதாக வரும் நம் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் இதைக் கேட்டுவிட்டார்கள். பட்டியல் தர மாட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு நாலாம் பெட்காரர் கூப்பிடும்போது பட்டியலைப் புரட்ட நேரம் இருக்காது. வேறு வழி சொல்கிறேன்.

உன் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தமிழ் கற்கிறாள், உன்னிடம் வந்து ‘போடு’ என்றால் என்ன என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள். என்ன சொல்வாய்? சட்டை போடு, டீ போடு, ஊசி போடு, சண்டை போடு, தாழ்ப்பாள் போடு, கையெழுத்துப் போடு, கணக்குப் போடு, குப்பையில் தூக்கிப் போடு. இதை யாரும் நமக்கு எண் போட்டுச் சொல்லித் தரவில்லை. டீயா, ஊசியா, தாழ்ப்பாளா என்பதை வைத்தே புரிந்துகொள்கிறோம். ‘கெட்’டும் அப்படித்தான். தனியாக எடுத்தால் அதற்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. பின்னால் வரும் சின்னச் சொல்லைப் பிடி, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘டௌன்’, ‘ஓவர்’, ‘டு’ இவற்றில் எது என்று பார். அதோடு யார், எந்த இடத்தில், எதைக் காட்டிச் சொல்கிறார் என்பதையும் பார். அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன்னால் காது பழக வேண்டும். நீ கேட்பது ‘கெட்’ மாதிரியே இருக்காது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் டகரத்தை விழுங்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் ரகரமாக்கிவிடுவார்கள். ‘கெட் அப்’ என்பது ‘கெரப்’ ஆகும், ‘கெட் ஆஃப்’ என்பது ‘கெரோஃப்’ ஆகும். ‘மீ டக்’ என்று உன்னைக் கூப்பிடுகிறார்களே, அதே வாய்தான். ‘டக்’ என்றால் அன்பாகச் சொல்வது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ‘கெரப்’ என்று ஏதோ புதுச் சொல் காதில் விழுந்தால் அதைப் பிரித்துப் பார், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது வார்டுக்கு வருவோம். மற்ற எதை மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மறக்காதே. ‘ஐவ் காட் எ ஹெடேக்’ என்பது வேறு, ‘ஐ கெட் ஹெடேக்ஸ்’ என்பது வேறு. முதலாவது இப்போது தலை வலிக்கிறது. இரண்டாவது எனக்கு அவ்வப்போது தலை வலிக்கும். தமிழில் ‘வலிக்கிறது’, ‘வலிக்கும்’ என்று விகுதியில் காட்டுவதை இவர்கள் இப்படிக் காட்டுகிறார்கள். ஒரு பெரியவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே, ‘ஐ கெட் எ பிட் ஆஃப் பெய்ன் இன் மி செஸ்ட், வென் ஐ கோ அப் த ஸ்டேர்ஸ்’ என்கிறார். இப்போது வலி என்று நினைத்தால் உடனே இசிஜிக்கு ஓடுவாய். எப்போதோ ஒருமுறை வந்து போனது என்று நினைத்தால் விட்டுவிடுவாய். அவர் சொல்வது இரண்டும் இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கும் என்கிறார். ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் அது இதய ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், டாக்டர் காதுக்குக் கட்டாயம் போக வேண்டிய செய்தி. எனவே அவரிடம் மூன்றைக் கேள்: ‘ஹாவ் யூ காட் இட் நௌ?’, ‘ஹௌ ஆஃபன் டு யூ கெட் இட்?’, ‘வென் டிட் யூ லாஸ்ட் கெட் இட்?’ இப்போது இருக்கிறதா, எவ்வளவுக்கு ஒருமுறை வரும், கடைசியாக எப்போது வந்தது. மூன்றிலும் அதே சொல்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு தகவல். ‘பிட்’ என்பதை நம்பாதே. இந்த ஊர்ப் பெரியவர்கள் நல்ல வலியைக்கூட ‘எ பிட்’ என்றுதான் சொல்வார்கள்.

அதே மாதிரி இன்னொன்று, ‘இட்ஸ் கெட்டிங் டு மி’. யாரோ எதையோ கொண்டுவந்து தருகிறார்கள் போல இருக்கும் கேட்பதற்கு. அவர் சொல்வது இது என் மனசை அரிக்கிறது, இனியும் தாங்க முடியவில்லை என்று. பகலில் எல்லாருக்கும் சிரித்துப் பேசிவிட்டு, நீ டிரிப்பைச் சரி செய்யும்போது, உன் முகத்தைப் பார்க்காமல் தாழ்ந்த குரலில் ‘இட்ஸ் ஆல் கெட்டிங் டு மி எ பிட்’ என்பார்கள். அந்த வாக்கியம் காதில் விழுந்தால் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார், என்னவென்று கேள், பொறுப்பு நர்ஸிடம் சொல், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோளில் போட்டுக் குறிப்பில் எழுது. நல்ல நர்ஸ் இதைத் தவறவிட மாட்டாள்.

‘கெட் ஆஃப்’ உன்னை நிறையச் சுற்றவைக்கும் என்று தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்குவது அது. ‘வாட் டைம் டு யூ கெட் ஆஃப்?’ என்று கூட இருப்பவள் கேட்டால் ஷிப்ட் எப்போது முடியும் என்று கேட்கிறாள் (பதிலுக்கு ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை, ஆறரை இல்லை). காலையில் நோயாளி ‘ஐ குடன்ட் கெட் ஆஃப் டில் த்ரீ’ என்றால் மூன்று மணி வரை கண் அசரவில்லை என்று அர்த்தம், அதைத் தூக்கம் என்ற இடத்தில் எழுத வேண்டும். நினைவு தடுமாறும் பாட்டி, நீ உடை மாற்றக் கை வைத்ததும் ‘கெரோஃப்!’ என்று கத்தினால் தொடாதே என்கிறார். கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, என்ன செய்யப் போகிறாய் என்று சொல்லிவிட்டு மறுபடி கேள். அப்புறம், வேலை முடிந்து பார்ட்டிப் பேச்சில் ‘ஷீ காட் ஆஃப் வித் ஹிம்’ என்று வந்தால் இருவரும் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள் என்று பொருள், ஆக அந்த ‘வித்’தை நீ பஸ் கதையில் சேர்த்துவிடாதே.

‘கெட் ஆன்’ இன்னும் நல்ல சொல். ‘ஹௌ ஆர் யூ கெட்டிங் ஆன் வித் த நியூ டேப்லெட்ஸ்?’ என்றால் புது மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது. இரண்டு பேர் ‘கெட் ஆன்’ என்றால் அவர்களுக்குள் ஒத்துப்போகும். ‘ஹி இஸ் கெட்டிங் ஆன் எ பிட்’ என்றால் வயசாகிவிட்டது என்பதைக் கௌரவமாகச் சொல்வது. உன்னோடு பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று ‘ரைட், ஐட் பெட்டர் கெட் ஆன்’ என்றால் பேச்சு முடிந்தது, சரி வரட்டுமா என்று விடைபெறுகிறார். நம் பிள்ளைகள் சிலர் இதை முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக்கொண்டு வருத்தப்படுவார்கள், அப்படி இல்லவே இல்லை, அது மரியாதையான விடைபெறல். வேலை சொன்னதும் ஒருவர் ‘ஐல் கெட் ரவுண்ட் டு இட்’ என்றால் மட்டும் கவனி. கை ஒழியும்போது செய்கிறேன் என்பதுதான் அது, இப்போதே செய்கிறேன் என்பது இல்லை. நோயாளிக்கு அவசரம் என்றால் எத்தனை மணிக்கு என்று தயங்காமல் கேட்டு வாங்கு.

சாப்பாட்டு நேரத்தில் ‘ஷீஸ் நாட் கெட்டிங் மச் டௌன்’ என்றால் சரியாகச் சாப்பிடவில்லை, உணவுக் குறிப்பேட்டைப் பார். ‘கேன் யூ கெட் பெட் ஃபோர் அப்?’ என்றால் நாலாம் பெட்காரரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். ‘கெட்டிங் ஓவர் எ கோல்ட்’ என்றால் சளியிலிருந்து தேறிவருகிறார்.

தமிழ்க்காரர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. நாம் சலூனுக்குப் போய்வந்து ‘முடி வெட்டினேன்’ என்போம். கொத்தனார் கட்டிய வீட்டை ‘நான் வீடு கட்டினேன்’ என்போம். யாருக்கும் குழப்பம் வராது. இங்கே ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கண்ணாடி முன்னால் நின்று நீயே கத்தரிக்கோலை எடுத்தாய் என்று நினைப்பார்கள். வேறு ஆளை வைத்துச் செய்ததை ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும். பாய்லரைச் சரி செய்தது, காருக்கு வருஷாந்தரச் சோதனை எடுத்தது எல்லாம் இப்படியே. ‘ஐ ஃபிக்ஸ்ட் த பாய்லர்’ என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய பாய்லரைப் பார்க்க உன்னைக் கூப்பிடுவார்.

இன்னொன்று சுலபம். சோறு ஆறிப்போச்சு, இருட்டிப்போச்சு, லேட்டாகிவிட்டது என்று நாம் ‘போ’வையும் ‘ஆகு’வையும் போடும் இடத்தில் இவர்கள் ‘கெட்’டைப் போடுவார்கள்: டீ ‘கெட்ஸ் கோல்ட்’, வெளியே ‘கெட்டிங் டார்க்’. அடிபட்டது, மாட்டிக்கொண்டது போன்றவையும் இந்த வழிதான்: ‘காட் ஹர்ட்’, ‘காட் காட்’ (மாட்டிக்கொண்டான் என்பது; இதில் இரண்டாவது ‘காட்’ வேறு சொல், caught, அதை நீட்டிச் சொல்வார்கள்).

வெளியே ‘கேன் யூ கெட் த டோர்?’ என்றால் கதவைத் திற, ‘கெட் த ஃபோன்’ என்றால் எடுத்துப் பேசு. காப்பிக் கடையில் தோழி ‘ஐல் கெட் தீஸ்’ என்றால் காசு அவள் கொடுக்கிறாள். விடு, அடுத்த முறை அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நீ காசு கொடு, இங்கே அந்தக் கணக்கை மனசில் வைத்திருப்பார்கள். கடையில் கேட்கும்போது ‘கேன் ஐ ஹாவ்’ என்றே கேள். ‘கேன் ஐ கெட் எ காஃபி’ என்பதை இளைஞர்கள் தாராளமாகச் சொல்கிறார்கள், வயசானவர்களுக்கு அது அமெரிக்கப் பேச்சாகப் பட்டுக் காது கூசும். அமெரிக்கத் தொடர் பார்த்து ‘காட்டன்’ (gotten) என்று பழகியிருந்தால் அதையும் இங்கே ‘காட்’ ஆக்கிக்கொள். இந்த ஊர் கால்பந்து அணி லெஸ்டர் சிட்டி கோல் போட்டதும் பப்பே அதிரும்படி ‘கெட் இன்!’ என்பார்கள், அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. 2016இல் பிரீமியர் லீக் பட்டத்தை இந்த ஊர் வென்றபோது இருந்த யாரையாவது கேட்டுப் பார், கண் மின்னச் சொல்வார்கள்.

படித்த இங்கிலீஷ் ஏன் கை கொடுக்கவில்லை என்று கேட்டாயே, அதற்கும் காரணம் உண்டு. நம் பள்ளிக்கூடம் நமக்கு அப்டெய்ன், ரிசீவ், அக்வயர் என்று பிரெஞ்சும் லத்தீனும் கலந்த சொற்களைக் கொடுத்தது. அவை கடிதத்துக்கும் அலுவலகத்துக்கும் உரியவை. ‘கெட்’ வேறு வழியில் வந்தது, வடகடலைத் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து. 9ஆம் நூற்றாண்டில் டேனியர்கள் வந்து குடியேறி ஆண்ட ஐந்து கோட்டை நகரங்களில் நம் லெஸ்டரும் ஒன்று. டவுனில் ஹம்பர்ஸ்டன் கேட், பெல்கிரேவ் கேட், கேலோட்ரீ கேட் என்று தெருக்கள் இருக்கின்றனவே, அங்கே வாசலைத் தேடாதே, அந்த ‘கேட்’ அவர்கள் மொழியில் தெரு. ‘டேக்’ (take), ‘தே’ (they) எல்லாம் அவர்கள் விட்டுப்போனவைதான். உழவு, சமையல், சந்தை என்று வீட்டோடு கலந்து பேசிய சொற்கள். உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் மனுஷன் வீட்டுச் சொல்லில்தான் பேசுவான், கடிதச் சொல்லில் பேச மாட்டான். பள்ளிக்கூடங்களிலும் கட்டுரையில் அதை அதிகம் எழுதாதே என்றுதான் இங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள், அதனால் பரீட்சைக்குப் படித்த நம் கண்ணில் அது படவே இல்லை.

எனவே இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள். நோயாளி சொன்னதை மேற்கோளில் போடுவதைத் தவிர, கேஸ் குறிப்பில் ‘கெட்’ எழுதாதே. மருந்து கொடுத்தது, வலி திரும்பத் திரும்ப வருவது எல்லாம் முறையான சொல்லில் இருக்கட்டும். வாயைத் திறந்து நோயாளியோடு பேசும்போது ‘ஹாவ் யூ காட் எனி பெய்ன்?’ என்று கேள். ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்சிங்’ என்று ஆரம்பித்தால் புரியும், ஆனால் போலீஸ் விசாரணை மாதிரி ஒரு விறைப்பு வந்து அவர் வாயை மூடிக்கொள்வார். ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்கு நார்தாம்ப்டன் போகிறேன் என்று எழுதியிருந்தாய், அங்கே நோயாளியாக நடிப்பவரிடமும் இப்படியே பேசு.

புரியாவிட்டால் தலையாட்டிவிட்டுப் போகாதே, அது ஒன்றுதான் ஆபத்து. ‘சாரி, வாட் டு யூ மீன் பை தட்?’ என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் காதில் விழுந்த ஒரே ஒரு வாக்கியத்தை, சொன்னவரையும் இடத்தையும் சேர்த்து, பாக்கெட் நோட்டில் எழுதி வை. நோயாளி பெயரை எழுதாதே. அடுத்த வாரம் மேனேஜர் உன்னிடம் ‘ஹௌ ஆர் யூ கெட்டிங் ஆன்?’ என்று கேட்பார். ‘கெட்டிங் தேர், தேங்க் யூ’ என்று சொல். முழுசாக வந்துவிடவில்லை, ஆனால் தேறிக்கொண்டிருக்கிறேன் என்பது அது. அதோடு நிற்காமல், எது கஷ்டமாக இருக்கிறது என்று ஒன்றையாவது சொல்லி உதவி கேள், கேட்டால்தான் கிடைக்கும்.