ஆறு ஃப்ரேம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாக உங்களை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. வேலைக்குப் போய்க்கொண்டே, விடுமுறை நாட்களில் ஒரு குறும்படம் எடுத்து முடித்திருக்கிறேன். 18 நிமிடப் படம். தனியாக வாழும் முதியவள் ஒருத்தியின் ஒரு நாள். என் பாட்டியே நடித்தார். டிஜிட்டல் கேமராவில் மொத்தம் 14 மணி நேரம் எடுத்தோம். வெட்டி முடித்ததும் இடம் போதாமல் மற்றதை அழித்துவிட்டேன். முடிந்த படம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

படத்தைப் பார்த்த மூத்தவர் ஒருவர், “பிலிமில் இருந்த உயிர் இதில் இல்லை” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. டிஜிட்டல் வந்ததால் சினிமா எல்லோர் கைக்கும் வந்ததா, அல்லது அதன் உயிர் போய்விட்டதா? அடுத்த படத்தைக் கடன் வாங்கியாவது பிலிமில் எடுக்க வேண்டுமா? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு இடம் இருக்குமா?

ம.

அன்புள்ள ம.,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் நின்றுபோனது கேள்வியே இல்லாத ஓர் இடத்தில். ‘இடம் போதாமல் மற்றதை அழித்துவிட்டேன்.’ நகம் வெட்டியதைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் கேள்விகளை முடித்துவிடலாம். அவை சீக்கிரம் முடிந்துவிடும்.

அந்த மூத்தவரிடம் உயிர் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். திரையில் மெல்ல நெளியும் துகளைக் காட்டுவார். அது பிலிமில் பூசிய வெள்ளி உப்பின் வேலை. 2000-இல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’ படத்தின் பச்சை வயல்களையெல்லாம் கணினியில் காய்ந்த மஞ்சளாக்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் பிலிமில் எடுக்கப்பட்டு, கணினிக்குள் போய் நிறம் மாறி, மறுபடி பிலிமாகித் திரைக்கு வந்தன. பெரியவர் உருகிய படங்களில் அவையும் இருந்திருக்கும். அவர் கண்டுபிடிக்கவில்லையே.

பிலிம்காரர்கள் எல்லோரும் சிக்கனக்காரர்கள் என்பதும் கதைதான். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்கு 12.5 லட்சம் அடி பிலிம் ஓடியது. நிமிடத்துக்கு 90 அடி. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 230 மணி நேரத்தைத் தாண்டும். டிஜிட்டலில் எடுத்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ 480 மணி நேரம். ஊதாரித்தனம் மனிதருடையது, கேமராவுடையது அல்ல.

கடன் வாங்காதீர்கள். வீம்புக்காகக் கடன் வாங்குபவனை எனக்குப் பிடிக்காது. 2015-இல் ‘டேன்ஜரின்’ படத்தை ஐஃபோன் 5எஸ்ஸில் எடுத்தார்கள். 1000 அடி பிலிம் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 2002-இல் வந்த ‘ரஷ்யன் ஆர்க்’ ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும் ஒரே ஷாட். பிலிமில் அதைக் கற்பனைதான் செய்யலாம். செயற்கை நுண்ணறிவு பற்றி: 2023-இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எழுப்பியவற்றில் முக்கியமானது, தங்கள் உருவத்தை நகலெடுப்பதற்குச் சம்மதமும் கூலியும் வேண்டும் என்பது. நியாயமான சண்டை, போடவேண்டிய சண்டை. ஆனால் உங்கள் பாட்டியின் ஒரு நாளை எடுக்க உங்களுக்கு யாரும் போட்டி இல்லை. தூங்குங்கள்.

இனி நான் நின்ற இடம்.

எழுத வருவதற்கு முன் ஒன்றரை ஆண்டு ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருந்தேன். உதவியாளன் என்றால் படத்தில் கைவைப்பவன் என்று எண்ணிவிடாதீர்கள். துண்டுகளுக்குச் சீட்டு எழுதுபவன். எடிட்டர் மூவியோலா என்ற எடிட்டிங் கருவியில் காட்சியை ஓட்டி, கிரீஸ் பென்சிலால் கோடு போட்டு வெட்டுவார். மிச்சத்தை நான் வாங்கி, துணி விரித்த தொட்டிக்கு மேலே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளில், பிலிமின் துளையை மாட்டித் தொங்கவிட வேண்டும். இரவில் ஒவ்வொன்றையும் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, காட்சி எண், ஷாட் எண், டேக் எண், ஓரத்தில் அச்சாகியிருக்கும் எட்ஜ் நம்பர் எல்லாம் எழுதிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஓகே டேக், என்.ஜி. (சரிவராத) டேக் என்ற பேதம் கிடையாது. ஒற்றை ஃப்ரேம் என்றாலும் அதற்கொரு சீட்டு.

ஓர் இரவு, அசதியில், ஆறு ஃப்ரேம் துண்டு ஒன்றைக் குப்பைக் கூடையை நோக்கி வீசிவிட்டேன். 35 மில்லிமீட்டரில் ஆறு ஃப்ரேம் என்றால் நாலரை அங்குலம். திரையில் கால் வினாடி. மறுநாள் காலை அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

“நெகட்டிவ் லேபில் பத்திரமாக இருக்கிறதே ஐயா, இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாமே” என்றேன்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “போய்த் தேடு” என்றார்.

கூடையைக் காலையிலேயே கொட்டிவிட்டிருந்தார்கள். கட்டடத்தின் பின்புறம் இருந்த சாக்கு மூட்டையை அவிழ்த்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். பிலிம் துணுக்கு, ஒட்டு டேப், பீடித் துண்டு, மறுபடி பிலிம். ஒவ்வொரு துணுக்கையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். மாலை வரைக்கும் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று எழுந்து தூசி தட்டியபோது, என் பேண்டின் கால்மடிப்பிலிருந்து அது விழுந்தது. கூடையில் விழவே இல்லை. என்னோடு அறைக்கு வந்து தூங்கித் திரும்பியிருக்கிறது. இருந்தது இரண்டே பேண்ட் என்பதால் பிழைத்தேன்.

துடைத்து, ஒட்டி, ஓட்டினார். அழத் தொடங்குவதற்கு முன் ஒரு பெண் இமையைத் தாழ்த்துகிறாள். இமை தாழ்வதன் முதல் பாதி அந்த ஆறு ஃப்ரேமில் இருந்தது. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு அதே இடத்தில் மறுபடி வெட்டி என் கையில் கொடுத்தார். “சீட்டு எழுது.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு பகல் முழுக்கக் குப்பையில் உட்காரவைத்துவிட்டு, கடைசியில் வேண்டாம் என்கிறாரே! பார்த்துவிட்டு வேண்டாம் என்பதும், பாராமல் வேண்டாம் என்பதும் வேறு வேறு என்று எனக்கு உறைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

தம்பி, 14 மணி நேரத்தில் 18 நிமிடத்தைக் கழித்தால் 13 மணி 42 நிமிடம். அதில் எவ்வளவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றீர்கள்?

கணினியில் வெட்டுவதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. வால்டர் மர்ச் கணினியில் தொகுத்த ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ படத்துக்குத் தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தபோதே அந்த வழக்கு முடிந்துவிட்டது. சொல்லப்போனால் கணினியின் பெரிய வரமே, அதில் எதை வெட்டினாலும் எதுவும் வெட்டுப்படுவதில்லை என்பதுதான். துண்டு கால்மடிப்பில் விழாது. சீட்டு எழுத ஓர் அப்பாவிப் பையன் வேண்டாம். இன்று வெட்டியதை ஐந்து ஆண்டுகள் கழித்து, கீறல் படாமல், அதே இடத்தில் ஒட்டலாம். என் எடிட்டர் கனவில்கூடக் கண்டிராத தொட்டி அது. அதை உங்கள் கையில் கொடுத்தால், வேலை முடிந்ததும் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, இடம் போதவில்லை என்கிறீர்கள்!

அந்த 13 மணி 42 நிமிடத்தில் பெரும்பகுதி சக்கையாகத்தான் இருக்கும். விளக்கைச் சரிசெய்யும் நேரம், யாரோ இருமியது, நீங்களே குறுக்கே நடந்தது. ஆனால் டிஜிட்டலில் எடுப்பவர்களுக்குக் கேமராவை நிறுத்தும் பழக்கம் இல்லை. கேமரா ஓடுவது தெரியாமல், அடுத்த டேக்குக்காகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் பாட்டி சும்மா உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு இருந்தது? அங்கே அவர் நடிக்கவில்லை. ‘தனியாக வாழும் முதியவளின் ஒரு நாள்’ என்றுதானே படம் எடுத்தீர்கள்?

இவ்வளவு காட்டமாக எழுத எனக்குத் தகுதி கிடையாது. 2003-இல் அதே எடிட்டரை உட்காரவைத்து, மினி டிவி என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ டேப்பில் மூன்று மணி நேரம் பேசவைத்துப் படம் பிடித்தேன். பேச்சுக்கு நடுவே வெறும் விரல்களால், இல்லாத பிலிமை இழுத்து ஒட்டிக் காட்டினார். கணினிக்கு மாற்றினேன். மணிக்கு 13 ஜிபி. பத்திரமாகிவிட்டது என்று நம்பி, டேப்புகளை வேறு எதற்கோ மறுபடி பயன்படுத்திவிட்டேன். டிஸ்க் மேசை இழுப்பறைக்குள் போனது. அவர் இறந்தும் வெகு காலம் ஆகிவிட்டது. போன மாதம் எடுத்தேன். ஃபயர்வயர் இணைப்பு, அந்த வாய் இன்றைய கணினியில் இல்லை. இணைப்பான் தேடி வாங்கி மாட்டினேன். டிக் என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு டிக். பிறகு அதுவும் இல்லை. உங்கள் கடிதம் அதற்கடுத்த வாரம் வந்தது. திட்டு யாருக்குச் சேர வேண்டியது என்று இப்போது புரிந்திருக்கும்.

பிலிம் நம் மறதியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கனடாவின் டாசன் நகரில் 1929-இல் புதைத்த 500-க்கும் மேற்பட்ட சுருள்களை 1978-இல் உறைமண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். ஓரங்களில் நீர்க்கறை, நடுவே முகங்கள். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் தொலைந்தவையாகக் கருதப்பட்ட காட்சிகள் 2008-இல் புவனஸ் ஐரிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் பிரதியில் கிடைத்தன. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் போதும், இது என்ன என்று கண்ணுக்குத் தெரியும். இன்று திரையரங்கத்துக்குப் போகும் படப்பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க். பெரும்பாலும் பூட்டிய கோப்பு. இன்ன அரங்கில், இன்ன தேதி வரை என்று கணக்கிட்ட திறவுகோல் தனியே வரும். எண்பது ஆண்டுகள் கழித்து அந்த டிஸ்க் ஏதோ அலமாரியில் அகப்பட்டு, அதிசயமாகச் சுழன்றாலும், பூட்டைத்தான் பார்க்க முடியும்.

பிலிமைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தது, அசிடேட் பிலிம் புளித்துக் காடி நாற்றம் அடித்தது. வெள்ளியை மீட்பதற்காகவே படங்களைக் கொளுத்தியவர்கள் உண்டு. பிரெஞ்சு மௌனப்பட இயக்குநர் மெலியெஸ் 1923-இல் தன் நெகட்டிவ்களைத் தானே எரித்தார். அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் முதலில் வெளியான வடிவில் மிஞ்சியிருக்கிறது என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் கணக்குச் சொன்னது. அன்றைக்கு எரிக்கத் தீக்குச்சியாவது வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்திருப்பார்கள். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தின் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி ஒற்றைக் கட்டளையில் அழிந்துபோனது. காப்புப் பிரதி எடுக்கும் ஏற்பாடு பழுதாகியிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஒரு பேண்ட் கால்மடிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

இடம் மலிவு என்பார்கள். வாங்கும்போது மலிவுதான், வைத்துக்கொள்வதில்தான் செலவு. ஒரு படத்தின் 4கே டிஜிட்டல் மூலத்தை ஓராண்டு பாதுகாக்க, பிலிமைப் பாதுகாப்பதைப் போல ஏறத்தாழ 11 மடங்கு ஆகும் என்று ஆஸ்கர் அகாடமியின் அறிக்கை 2007-இல் சொன்னது. பிலிமைக் குளிர்ந்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தலாம். கோப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல. கோப்புகளைச் சேமித்து வைக்க ஸ்டூடியோக்கள் நம்பும் எல்.டி.ஓ. என்ற காந்த டேப்பும் அப்படித்தான். எட்டாம் தலைமுறைக் கருவிக்கு ஆறாம் தலைமுறை டேப்பைப் படிக்கத் தெரியாது.

சரி, புலம்பியது போதும். எப்போது அழித்தீர்கள்? கடிதத்தில் அதை எழுதவில்லை. சுழலும் வகை டிஸ்க் என்றால், அழித்தவுடன் கோப்பு போய்விடாது. அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து போகும். அதன்மேல் வேறொன்றை எழுதும் வரை உள்ளே இருக்கும். எனவே அதில் எதையும் சேமிக்காதீர்கள், கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். சுழலாத வகையான எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை குறைவு. அது தானாகவே துடைத்துக்கொள்ளக்கூடியது. கேமராவின் மெமரி கார்டுகளையும் பாருங்கள், எதையாவது மறுபடி பயன்படுத்தாமல் பையில் போட்டிருப்பீர்கள். மீட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். என் டிஸ்க் இப்போது அப்படி ஒருவரிடம்தான் இருக்கிறது. முடிந்த படத்தை இன்றிரவே இன்னும் இரண்டு இடங்களில் நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

எந்த வகை டிஸ்க் என்று மட்டும் உடனே ஒரு வரி எழுதுங்கள்.