பூச்சியை விடுங்கள்

கேள்வி: கணினியில் முதன்முதல் பூச்சி பிடித்தவர் அமெரிக்கக் கணினி வல்லுநர் கிரேஸ் ஹாப்பர் என்றும், கணினிக் கோளாறைக் குறிக்கும் 'பக்' (பூச்சி) என்ற ஆங்கிலச் சொல்லே அப்படித்தான் வந்தது என்றும் எங்கள் ரியூசன் சேர் சொன்னார். உண்மையா?
- சாதாரண தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: பூச்சி உண்மை. பிடித்தது அவரில்லை.

1947 செப்டம்பர் 9ஆம் திகதி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில், 70ஆம் இலக்க ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் ஆளியில்) ஒரு அந்துப்பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. வேலையில் இருந்தவர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, 'பக் ஒன்று மெய்யாகவே அகப்பட்ட முதல் சம்பவம்' என்று எழுதிவைத்தார்கள். அந்த 'மெய்யாகவே'யைக் கவனியுங்கள். சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால்தானே அப்படி எழுத வரும்? எடிசன் 1878லேயே தன் கருவிகளின் கோளாறுகளை ஒரு கடிதத்தில் பக் என்கிறார். ஹாப்பர் இந்தக் கதையைப் போகுமிடமெல்லாம் சொன்னார். சொன்ன அழகில் பூச்சி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில் நமக்குப் பூச்சி தேவையில்லை, பிழை என்று பொருள்படும் 'வழு' இருக்கிறது. கணினித் தமிழில் எனக்கு மிகப் பிடித்த சொல் இதுதான். (கணினி என்றே எழுதுகிறேன். 'கணி' என்ற வினையிலிருந்து வந்தது. 'கணனி' என்று எழுதும் நண்பர்களோடு இருபது வருடமாக வாதாடுகிறேன், இனியும் வாதாடுவேன்.) நன்னூலில் வழு மட்டுமில்லை, வழுவமைதியும் உண்டு. பசுவைத் தடவிக்கொண்டு 'என் அம்மை வந்தாள்' என்கிறோம். அஃறிணைக்கு உயர்திணை முடிவு போட்டால் பிழைதான். ஆனாலும் அன்பினால் சொன்னது என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. கணினியிடம் அந்த இரக்கம் கிடையாது. ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினால், கோபோல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலின் போக்கே மாறிவிடும்.

கோபோல் என்றதும் ஹாப்பரிடம் திரும்பலாம். யேலில் 1934இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம், போர்க்காலத்தில் கடற்படை, 1986இல் 79 வயதில் றியர் அட்மிரலாக ஓய்வு. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். உங்கள் சேர் சொல்லியிருக்க வேண்டியது வேறு.

அந்தக் காலத்தில் கணினிக்கு எண்களிலும் குறியீடுகளிலும்தான் கட்டளை எழுத வேண்டும். கணக்கு வழக்குப் பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த சொற்களிலேயே எழுதட்டும், அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது இயந்திரத்தின் வேலை என்றார் ஹாப்பர். கணினிக்கு ஆங்கிலம் விளங்காது என்று அவரைத் தடுத்தார்கள். அவர் விடவில்லை. ஆங்கிலச் சொற்களில் ஒரு நிரலை ஓட்டிக் காட்டினார். அதோடு நிற்காமல், அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாச் சொல்லும் வெறும் குறியீட்டுக் கோவைதான், எந்த மொழியானாலும் ஒன்றுதான் என்று விளங்கவைக்கத்தான் அப்படிச் செய்தார். அவர் வேலைசெய்த நிறுவனத்தின் நிர்வாகம் பதறிப்போனது. பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினி பிரெஞ்சு பேசுவதா? ஆங்கிலம் தவிர வேறெதிலும் எழுதமாட்டோம் என்று அவர்களைச் சமாதானப்படுத்த நான்கு மாதம் போயிற்று என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அந்த வேலையில் வளர்ந்ததுதான் ஃப்ளோமேட்டிக் என்ற கணினி மொழி. 1959இல் கோபோல் வந்தபோது அதற்கு அடித்தளம் அதுவே.

போன மாதம் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் எடுக்கப் போனேன். என் முகவரியில் 'கொழும்பு' என்பது எப்படி அச்சாகி வந்தது தெரியுமா? க தனியே, கொம்பு தனியே, கால் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு, அதற்குப் பின்னால் 'ழும்பு'. கருமபீடத்தில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: "சிஸ்டம் தமிழை எடுக்காது ஐயா, இங்கிலிஷிலேயே போட்டுவிடுவோமா?"

எடுக்கும் தம்பி, எடுக்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இருக்கிறது. 'கொ' என்பதில் க முதலில், ஒகரக் குறி அடுத்து என்றுதான் கணினி சேமிக்கிறது. திரையிலும் தாளிலும் அந்தக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து இரண்டு பக்கமும் வைப்பது அச்சிடும் மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யாத மென்பொருளை யாரோ வாங்கியிருக்கிறார்கள். தமிழில் ஒரு தாள்கூட அச்சடித்துப் பார்க்காமல் யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய நாட்டில், இந்த வழுவுக்கு அமைதி கிடையாது.

பத்திரத்தை வாங்காமல், தமிழில் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறேன்.