அந்த நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

கேள்வி: கல்யாண குரூப் போட்டோவில், வர முடியாத அண்ணனை ஸ்டுடியோவில் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் வெளிச்சம் இடப்பக்கம், அவருக்கு மட்டும் வலப்பக்கம். ஒருவர்கூடக் கவனிக்கவில்லையே?

பதில்: கவனித்திருந்தால்தான் ஆச்சரியம். 2005-இல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி, கவனாஹ், சின்ஹா என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைச் சோதித்தார்கள். படத்தில் பல கனசதுரங்கள். ஒன்றின் மேல் மட்டும் வேறு திசையிலிருந்து வெளிச்சம். எல்லாம் ஒரே வாக்கில் இருந்தபோது அந்த ஒன்று சட்டென்று தெரிந்தது. கண்டபடி திருப்பி வைத்ததும் பார்த்தவர்கள் திணறிவிட்டார்கள். ஒரு பொருளின் மேடு பள்ளத்தை அறிய, அதன் மேல் உள்ள வெளிச்சமும் நிழலும் மூளைக்குப் போதும். படம் முழுக்க விளக்கு ஒன்றுதானா என்று அது சரிபார்ப்பதில்லை. ஆனால் காலடியில் நிழல் இல்லையென்றால் ஆள் அந்தரத்தில் நிற்பதுபோல் உடனே உறுத்தும். உங்கள் ஸ்டுடியோக்காரர் அதை விடாமல் போட்டிருப்பார்.

அதனால், ஒரு படம் ஒட்டுவேலையா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள், ஸ்கேலை எடுங்கள். நிழலின் நுனியையும் அந்த நிழலுக்குரிய பொருளின் நுனியையும் சேர்த்துக் கோடு இழுத்து நீட்டுங்கள். விளக்கு ஒன்றேயானால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் கூடும். வெயில் பக்கவாட்டில் அடித்தால் இணையாகவும் ஓடலாம்.

கேள்வி: வெயிலில் கறுப்புக் குடை கறுப்பாகவும், வீட்டுக்குள் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவும் தெரிவது ஏன்?

பதில்: ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ், வீட்டு விளக்கு சுமார் 300. குடை 5 சதவீதம் திருப்பி அனுப்பினாலே 5,000. சட்டை 90 சதவீதம் அனுப்பினாலும் 270தான். அதாவது, கறுப்பிலிருந்துதான் அதிக ஒளி வருகிறது! கண் அந்த அளவைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. 1929-இல் கெல்ப் என்ற உளவியலாளர் செய்த சோதனை இதற்கு அருமையான சாட்சி. இருட்டறையில் கறுப்பு வட்டின் மேல் மட்டும் விளக்கைக் காட்டினார்; அது வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் நிஜ வெள்ளைத் தாளை நீட்டியதும் கறுத்துவிட்டது.

கேள்வி: ஒரு பல்புக்கு இரண்டு போட்டால் இரு மடங்கு வெளிச்சம் தெரியுமா?

பதில்: தெரியாது. கேமராவுக்கு அது ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரட்டிப்பாகும் ஒரு படி; கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

கேள்வி: நிழலையும் கறையையும் மூளை எப்படிப் பிரிக்கிறது?

பதில்: முக்கியமாக ஓரத்தை வைத்து. நிழலின் விளிம்பு மங்கலாகக் கரையும். ஹெரிங் என்ற ஜெர்மன் உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய சோதனை இது: வெள்ளைத் தாளில் விழும் நிழலின் மங்கலான ஓரத்தை மறைக்கும்படி தடித்த கறுப்புக் கோடு போடுங்கள். அப்புறம் அது நிழலாகத் தெரியாது, தாளில் பூசிய சாம்பல் நிறமாகத் தெரியும். தாளைச் சற்று நகர்த்தினால் மறுபடி நிழலாகிவிடும்.