ஒரே லைனில் இருக்கிறோம்

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி வேலை பார்க்கிறேன். அதே லைனில் இருக்கும் பெண்ணை எட்டு மாதமாக விரும்புகிறேன். இன்னும் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவரைக் காதலிப்பது புத்திசாலித்தனமா?
- பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: ‘லைனில் இருக்கும் பெண்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ‘லைன் அடிக்கிறேன்’ என்று எழுதவில்லை. அதற்காகவே இந்த வாரம் உங்கள் கடிதத்துக்கு முதல் இடம். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. சுவருக்கு வெள்ளை அடிக்கலாம், மாட்டுக்கு லாடம் அடிக்கலாம், மாந்தோப்புக்கு மருந்து அடிக்கலாம். ஒரு பெண்ணிடம் மனதைக் காட்டுவதற்கும் அதே ‘அடி’ எதற்கு? இதைச் சொல்லும்போதெல்லாம், ‘பேச்சுவழக்குக்கெல்லாம் சண்டையா?’ என்று கடிதங்கள் வரும். வரட்டும். அந்தச் சொல்லில் அடிக்கிறவன் மட்டும்தான் இருக்கிறான், அந்தப் பெண்ணுக்கு இடமே இல்லை. என் சண்டை அதோடுதான்.

லைன் என்றதும் எனக்கு ரயிலும் ஞாபகம் வந்துவிடும். கிருஷ்ணகிரி 2004-ல் மாவட்டத் தலைநகர் ஆனது. இன்று வரை ஊருக்கு ரயில் இல்லை. திருப்பத்தூரில் இருந்து வந்துகொண்டிருந்த குறுகிய பாதையையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. இங்கிருந்து ஓசூருக்கு 50 கிலோமீட்டர். விடியற்காலையில் எழுந்து ஓடுகிற பிள்ளைகளுக்குக் கம்பெனி பஸ்தான் கதி.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருநாள் காலையில் சூளகிரி ஸ்டாப்பில் ஒரு கம்பெனி பஸ் நின்றது. ஏறிய பெண் முன்படிக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் டிபன் பை. பின்னால் ஒரு சீட் காலி. அதை ஒட்டி உட்கார்ந்திருந்த பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் திரும்பவே இல்லை. ஓசூர் வரை அப்படியேதான் நின்றிருப்பார். ரயிலாக இருந்தால் அடுத்த பெட்டிக்குப் போயிருக்கலாம். கம்பெனி பஸ்ஸில் எங்கே போவது? இறங்கினால் லைனிலும் அதே முகம், கேன்டீனிலும் அதே முகம்.

கூட வேலை செய்கிறவரைக் காதலிப்பதில் தப்பே இல்லை, தம்பி. எட்டு மணி நேரம் வேலை, அதற்கு மேல் பஸ். வேறு எங்கே போய் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வீர்கள்? நீங்கள் புத்திசாலித்தனமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாளைக்கும் அந்தப் பெண் நிம்மதியாக வேலைக்கு வர முடியுமா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் லைன் லீடரா? அவருடைய லீவும் ஓவர்டைமும் உங்கள் கையில் இருக்கிறதா? இருந்தால் வாயைத் திறக்காதீர்கள். முதலில் வேறு லைனுக்கு மாற்றல் கேளுங்கள். நீங்களும் அவரைப் போல ஒரு ஆபரேட்டர் என்றால், ஒரே ஒரு முறை நேராகக் கேளுங்கள். பஸ்ஸில் வேண்டாம், லைனில் வேண்டாம், நண்பனைத் தூது விடவும் வேண்டாம். அவர் வேண்டாம் என்றால் ‘ஏன்’ என்றுகூடக் கேட்காதீர்கள்.

அதற்கு மேல் தொந்தரவு தொடர்ந்தால் அந்தப் பெண்ணுக்குச் சட்டம் இருக்கிறது. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமையில் ஒரு பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். நடந்ததில் இருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். காதலைத் தடுப்பதற்காக வந்த சட்டம் இல்லை இது. வேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்பதற்காக வந்தது.

சரி என்றால்? எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் நீங்கள் சாதியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நம் பக்கத்தில் அதை எழுதாமல் விட முடியாது. ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகளைக் கொளுத்தினார்கள். அதை என்னால் மறக்க முடியாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதென்றால் 30 நாள் நோட்டீஸ் உண்டு. உங்கள் இருவர் விவரமும் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி ஒட்டப்பட்டிருக்கும். அந்த 30 நாளைப் பற்றி இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்கிறவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் எஸ்.பி., சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் சேர்ந்த தனிப்பிரிவு வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. மிரட்டல் வந்தால் எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.