கடைசிப் படியில் இருந்த வணிகரிடம் சாமுராய் கடன் வாங்கியது எப்படி?

இரண்டும் சரிதான் தம்பி. எடோ கால (1603–1868) ஜப்பானில் வணிகருக்குச் சமூகத்தின் நான்கு படிகளில் கடைசிப் படி. மேல்படியில் இருந்த போர்வீரர்களான சாமுராய்கள் கடன் வாங்கியதும் அவர்களிடம்தான். அந்தஸ்து வேறு, கைக்காசு வேறு.

நீங்கள் குழம்பியது சம்பளத்தில் என்று நினைக்கிறேன். சாமுராய்க்கு அது அரிசியாகத்தான் கணக்கு. அதைக் காசாக்க வணிகரிடம் போக வேண்டும். அப்புறம், வரப்போகும் அரிசியையும் ஈடு வைத்தார்கள். நம் தோட்டத்துக் கடைக் கொப்பியில் சம்பள நாளுக்கு முன்பே பெயர் ஏறிவிடுமே, அதே மாதிரி.

ஒசாகா நகரின் பணக்கார வணிகக் குடும்பமான யொதொயாவை வைத்துச் சரிபாருங்கள். 1705இல், தகுதிக்கு மீறி வாழ்ந்ததாகச் சொல்லி ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) அரசு அவர்கள் சொத்தையே பறித்தது.

ஆனால் விடைத்தாளில் இதைக் கண்டி இராச்சியத்துக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். அங்கே பாக்கை இறக்கி உப்பை ஏற்றிவந்த முஸ்லிம் வணிகர்கள், அதே பொதிமாடுகளோடு அரசனுக்கும் சுமை கொண்டுபோனார்கள்.